மரத்தை வளைத்த தச்சர்

பழைய காபி ஹோட்டல்களில் ஒருவகை நாற்காலியைப் பலரும் பார்த்திருப்பார்கள். நேரில் பார்க்காதவர்கள் பழைய சினிமாப் படங்களிலாவது பார்த்திருப்பார்கள். அதன் முதுகு வளைந்திருக்கும். உட்காரும் இடம் வட்டமாக இருக்கும். அதில் பிரம்பு பின்னியிருக்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம்; அவ்வளவு லேசு. ஆனால் எவ்வளவு பருமனான ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும்.

மும்பையின் பழைய இரானி காபிக் கடைகளுக்குப் பேர் போனவை இந்த இன நாற்காலிகள்தான்.

இந்த நாற்காலியில் ஓர் அதிசயம் உண்டு. இதன் பின்கால்களும் முதுகும் தனித்தனித் துண்டுகள் அல்ல. ஒரே மரக்கம்பு! அந்தக் கம்பு ஒரு காலாகத் தரையிலிருந்து கிளம்பி, மேலே போய், வளைந்து, மறு காலாகத் தரைக்கு வருகிறது. அதை யாரும் அப்படிச் செதுக்கவில்லை. நேராக இருந்த மரத்தை வளைத்தார்கள்.

மரத்தை அப்படி வளைக்க வழி கண்டவர் ஒரு தச்சர். அவர் பெயர் மைக்கேல் தோனெட். அந்த வழியைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் சொந்த ஊரையும் வீட்டையும் இழந்தார்.

தோல் பதனிடுபவரின் மகன்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் போப்பார்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1796-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி தோனெட் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தார். மகன் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. தச்சு வேலை கற்றுக்கொண்டார். 1819-ல் சொந்தப் பட்டறை வைத்தார். அப்போது அவருக்கு 23 வயது.

மறு ஆண்டு கல்யாணம் நடந்தது. மனைவியின் பெயர் அன்னா. அவர்களுக்கு 13 குழந்தைகள் பிறந்தன. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் சின்னஞ்சிறு வயதிலேயே இறந்துவிட்டன. பிழைத்து வளர்ந்தவர்கள் 5 ஆண் பிள்ளைகள் மட்டுமே. பிரான்ஸ், மைக்கேல், ஆகஸ்ட், ஜோசப், ஜேக்கப் என்பவை அவர்களின் பெயர்கள். இந்த ஐவரும் பிற்காலத்தில் தந்தைக்கு ஐந்து கைகளாக இருந்தார்கள்.

தோனெட் நல்ல வேலைக்காரர். அவர் செய்த மேஜை, நாற்காலி, அலமாரிகளுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. அதோடு திருப்தி அடைந்திருந்தால் அவர் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி அவர் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

வீணாகும் மரம்

அந்தக் காலத்தில் வளைவான நாற்காலிக்கு மக்களிடம் மோகம் அதிகம். வளைவான கால் வேண்டுமானால் என்ன செய்வார்கள்? ஒரு பெரிய கட்டையை எடுப்பார்கள். அதில் வளைவை வரைந்து, மீதியை அறுத்தும் செதுக்கியும் தள்ளுவார்கள். நல்ல மரம் பாதிக்கு மேல் சிராய்த்தூளாகப் போகும். கூலியும் ஏறும்.

அது மட்டுமா? மரத்தின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன. வளைவாக அறுக்கும்போது அந்த நரம்புகள் குறுக்கே வெட்டுப்படுகின்றன. வெட்டுப்பட்ட இடத்தில் பலம் இல்லை. சற்று அழுத்தி உட்கார்ந்தால் முறியும். முறியாமல் இருக்கத் தடிமனாகச் செய்ய வேண்டும். தடிமனாகச் செய்தால் நாற்காலி கனக்கும், விலையும் ஏறும். ஆகவே வளைவான நாற்காலி பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தது.

மரத்தை அறுக்காமல் வளைத்துவிட்டால்? நரம்பு அறுபடாது. மரம் வீணாகாது. எடை குறையும். விலையும் குறையும். இதுதான் தோனெட்டின் எண்ணம்.

1830-ம் ஆண்டுகளில் அவர் சோதனைகளைத் தொடங்கினார். மரத்தை மெல்லிய சீவல்களாகச் சீவினார். பல சீவல்களை அடுக்கி, தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரத்தைக் காய்ச்சி, அதில் போட்டுக் கொதிக்கவைத்தார். சீவல்கள் வெந்து இளகின. இளகிய கட்டை அச்சில் வைத்து வளைத்தார். ஆறிக் காய்ந்ததும் கட்டு அப்படியே வளைந்து நின்றது.

1836-ல் இந்த முறையில் நல்ல நாற்காலி ஒன்றைச் செய்துவிட்டார். அடுத்த ஆண்டே பசை தயாரிக்கும் ஆலை ஒன்றையும் வாங்கினார்.

கையை மீறிய கடன்

புதிய முறை கையில் இருக்கிறது. அதை மற்றவர்கள் காப்பி அடித்துவிட்டால்? அரசாங்கத்திடம் தனி உரிமை வாங்கிவிட வேண்டும் என்று தோனெட் நினைத்தார். சொந்த நாட்டில் முயன்றார், கிடைக்கவில்லை. இங்கிலாந்து, பிரான்ஸ், ரஷியா ஆகிய நாடுகளிலும் முயன்றார். அங்கேயும் காரியம் கைகூடவில்லை.

இந்த முயற்சிகளுக்கெல்லாம் பணம் தேவைப்பட்டது. கையில் இருந்தது கரைந்தது. கடன் வாங்கினார். உரிமை வரவில்லை, வட்டிதான் ஏறியது.

1841-ல் கோப்லென்ஸ் நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. தோனெட் தம்முடைய நாற்காலிகளை அங்கே வைத்திருந்தார். அவற்றைப் பார்த்தவர்களில் ஒருவர் சாதாரண மனிதர் அல்ல. ஆஸ்திரியப் பேரரசின் முதன்மை அமைச்சர் மெட்டர்னிக்! ஐரோப்பாவின் அரசியலையே ஆட்டிப்படைத்தவர் அவர். ரைன் பகுதியில் அவருக்கு ஒரு மாளிகை இருந்தது.

மெட்டர்னிக்கும் ரைன் பகுதியைச் சேர்ந்தவர்தான். சொந்தப் பகுதித் தச்சரின் கைவேலை அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. வியன்னாவுக்கு வரும்படி தோனெட்டை அழைத்தார்.

1842-ல் தோனெட் வியன்னாவுக்குப் புறப்பட்டார். வயது 45 ஆகிவிட்டது. மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்தார்கள்.

வியன்னாவில் அதிர்ஷ்டம் கண் திறந்தது. அரண்மனையில் தம்முடைய நாற்காலிகளைக் காட்டினார். அதே ஆண்டு ஜூலை 16-ந் தேதி அரசாங்கத்தின் உரிமைப் பத்திரம் கிடைத்தது. எந்த மரத்தையும், எளிதில் முறியக்கூடிய மரத்தையும்கூட, விரும்பியபடி வளைக்கும் முறைக்கு அந்த உரிமை வழங்கப்பட்டது. பல நாடுகளில் கிடைக்காத பத்திரம் கடைசியில் கைக்கு வந்துவிட்டது!

ஆனால் ஊரில் நடந்தது வேறு. கடன் கொடுத்தவர்கள் பொறுமை இழந்தார்கள். போப்பார்டில் தோனெட்டுக்கு இருந்த சொத்துக்கள் கடனுக்காகக் கைப்பற்றப்பட்டன. 23 ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பட்டறை போயிற்று.

இனி அந்த ஊரில் என்ன இருக்கிறது? குடும்பம் முழுவதும் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தது.

மீண்டும் கூலி வேலை

கையில் அரசாங்கத்தின் உரிமைப் பத்திரம் இருக்கிறது. ஆனால் தொழில் நடத்த முதல் இல்லை. தோனெட் என்ன செய்தார்? தமக்குக் கீழே பலரை வைத்து வேலை வாங்கிய அந்த மனிதர், இன்னொருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அதை அவர் கேவலமாக நினைக்கவில்லை.

வியன்னாவில் லைஸ்ட்லர் என்பவர் மாளிகைகளுக்கு மரச்சாமான்கள் செய்யும் பெரிய தொழிலதிபர். லீக்டென்ஸ்டைன் பிரபுவின் மாளிகையைப் புதுப்பிக்கும் வேலை அவரிடம் வந்திருந்தது. அந்த வேலையில் தோனெட்டும் அவர் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். 1843 முதல் 1846 வரை அங்கே உழைத்தார்கள்.

பழைய மாளிகை அது. அதன் அறைகளுக்குப் புது உயிர் கொடுக்க வேண்டும். தரைக்குப் பல நிற மரத்துண்டுகளைச் சேர்த்து இழைத்தார்கள். வளைவு வளைவாக ஓடும் அந்த மரத்தரையில் தோனெட்டின் வளைக்கும் வித்தை கைகொடுத்தது. அறைகளுக்குத் தகுந்த மெல்லிய நாற்காலிகளும் செய்தார்கள்.

தந்தை சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் தொழில் கற்றார்கள். குடும்பம் மெல்ல மெல்லத் தலை நிமிர்ந்தது.

1848-ல் வியன்னாவில் புரட்சி வெடித்தது. மெட்டர்னிக் பதவி இழந்து நாட்டைவிட்டே ஓடினார். தோனெட்டை அழைத்துவந்த பெரிய மனிதர் போய்விட்டார். ஆனால் தோனெட் இப்போது யாருடைய தயவையும் நம்பி இருக்கவில்லை. 1849-ல் வியன்னாவின் கும்பென்டார்ப் பகுதியில் மறுபடியும் சொந்தப் பட்டறை வைத்தார். 53 வயதில் புது வாழ்வு!

காபிக் கடை கொடுத்த வேலை

வியன்னா காபிக் கடைகளுக்குப் பேர் போன ஊர். ஒரு கோப்பை காபியை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பத்திரிகை படிப்பார்கள், சதுரங்கம் ஆடுவார்கள். அங்கே டாவும் என்ற காபிக் கடை இருந்தது. பட்டறை தொடங்கிய சமயத்தில் அந்தக் கடைக்கு நாற்காலிகள் செய்யும் வேலை தோனெட்டுக்குக் கிடைத்தது.

காபிக் கடை நாற்காலி படும் பாடு கொஞ்சமல்ல. காலையிலிருந்து இரவு வரை யாராவது உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். இழுப்பார்கள், தள்ளுவார்கள், பின்பக்கம் சாய்ந்து ஆடுவார்கள். அதற்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டும். தோனெட்டின் நாற்காலி ஈடுகொடுத்தது. ஊரில் பேச்சுப் பரவியது.

1851-ல் லண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தது. தோனெட் அங்கே தம்முடைய சாமான்களை அனுப்பினார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது. கடல் தாண்டியும் அவர் பெயர் தெரிந்தது.

1853-ல் அவர் ஒரு முடிவு செய்தார். தொழிலைத் தம் ஐந்து பிள்ளைகளின் பெயருக்கு மாற்றினார். 'தோனெட் சகோதரர்கள்' என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். பெயர்தான் பிள்ளைகளுடையது. பட்டறையில் கடைசி வரை தந்தையின் கண் இருந்தது.

கடலில் பிரிந்த நாற்காலிகள்

இப்போது புதிய தொல்லை வந்தது. வெளிநாடுகளிலிருந்து ஆர்டர்கள் வந்தன. நாற்காலிகளைக் கப்பலில் அனுப்பினார்கள். வெப்ப நாடுகளின் ஈரக்காற்று பட்டதும் பசை இளகியது. ஒட்டியிருந்த சீவல்கள் பிரிந்தன!

வேறு ஒருவராக இருந்தால் அந்த ஊர்களுக்கு விற்பதையே நிறுத்தியிருப்பார். தோனெட் பசையையே நிறுத்தினார். சீவல் வேண்டாம், முழு மரக்கம்பையே வளைக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

முழுக்கம்பை வளைப்பது லேசான காரியமா? ஒரு கம்பை வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது. உள்பக்கம் அமுங்குகிறது. நீராவியில் வெந்த மரம் நன்றாக அமுங்கிக் கொடுக்கும். ஆனால் இழுத்தால் அதிகம் நீளாது. அதனால் வெளிப்பக்கம் பிளந்து, கம்பு முறிந்துவிடும்.

தோனெட் கண்ட வழி மிக எளிது. கம்பின் வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்தார். பட்டையின் இரு முனைகளையும் கம்பின் இரு முனைகளோடு இறுக்கிப் பிணைத்தார். பிறகு வளைத்தார். இழுக்கும் வேகத்தை எல்லாம் பட்டை தாங்கிக்கொண்டது. மரம் நீள வேண்டிய அவசியமே இல்லை, அமுங்கினால் போதும். கம்பு முறியாமல் வளைந்தது!

இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் இந்த இரும்புப் பட்டைக்கு வந்து சேர அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1856-ல் இந்த முறைக்கு உரிமை கிடைத்தது. மொரேவியாவில் கோரிட்ஷான் என்ற இடத்தில் தொழிற்சாலை எழுந்தது. இன்று அந்த இடம் செக் குடியரசில் இருக்கிறது. சுற்றிலும் பீச் மரக் காடுகள். பீச் மரம் வளைப்பதற்கு மிகவும் ஏற்றது. வியன்னாவுக்கு மரத்தைக் கொண்டுபோவதற்குப் பதிலாக, மரம் இருக்கும் இடத்துக்கே தோனெட் தொழிலைக் கொண்டுபோனார். பல இயந்திரங்களை அவரே வடிவமைத்தார்.

அங்கே வேலை நடந்த விதம் இது: மரத்தை அறுத்து, கடைந்து, உருண்டைக் கம்பாக்குவார்கள். நீராவிப் பெட்டிக்குள் வைத்து வேகவைப்பார்கள். வெளியே எடுத்ததும் பட்டையைப் பிணைத்து, இரும்பு அச்சில் வளைத்து இறுக்குவார்கள். சூடு ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அச்சோடு சேர்த்து உலர்த்தும் அறைக்குப் போகும். ஈரம் வற்றிய பிறகுதான் அச்சைக் கழற்றுவார்கள். அதன் பிறகு தேய்த்து, நிறம் ஏற்றி, மெருகு போடுவார்கள்.

சுற்றுவட்டாரத்துக் கிராமத்துப் பெண்களும் வேலைக்கு வந்தார்கள். தேய்ப்பதும் பிரம்பு பின்னுவதும் அவர்கள் கைவேலை.

14-ம் நம்பர்

தோனெட் தம் நாற்காலிகளுக்கு எண்களையே பெயராக வைத்தார். 1859-ல் வந்தது 14-ம் நம்பர் நாற்காலி. இந்த எண்தான் அவரை உலகப் புகழ் பெற வைத்தது.

அதில் மொத்தம் 6 மரத்துண்டுகள். முதுகும் பின்கால்களும் சேர்ந்த பெரிய வளைவு ஒன்று. அதற்குள்ளே சின்ன வளைவு ஒன்று. உட்காரும் வட்டம் ஒன்று. கால்களை இணைக்கும் வளையம் ஒன்று. முன்கால்கள் இரண்டு. இவற்றைப் பூட்டுவதற்கு 10 திருகாணிகள், 2 மரைகள். வேறு எதுவும் இல்லை. 

ஆகவே நாற்காலியை முழுசாக அனுப்ப வேண்டியதில்லை. துண்டுகளாக அடுக்கி அனுப்பலாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின! போய்ச் சேர்ந்த ஊரில் ஒரு திருப்புளி இருந்தால் போதும், பூட்டிவிடலாம்.

வாங்கிப்போகும் சாமானை வீட்டில் பூட்டிக்கொள்ளும் பழக்கம் இன்று எங்கும் இருக்கிறது. அதற்கு 14-ம் நம்பர் ஒரு முன்னோடி.

1867-ல் பாரிஸ் பொருட்காட்சியில் தோனெட் கம்பெனிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. லண்டனில் வெண்கலம் வாங்கிய தச்சர் 16 ஆண்டுகளில் தங்கத்துக்கு வந்துவிட்டார்.

1869-ல் உரிமைப் பத்திரத்தின் காலம் முடிந்தது. மற்றவர்களும் வளைமர நாற்காலி செய்யத் தொடங்கினார்கள். போட்டி வந்தது. ஆனால் அதற்குள் தோனெட் சகோதரர்களுக்குப் பல தொழிற்சாலைகள் ஏற்பட்டுவிட்டன.

1871-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி மைக்கேல் தோனெட் வியன்னாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 74.

சாகாத நாற்காலி

அவர் போன பிறகும் நாற்காலி போகவில்லை. 1930-ம் ஆண்டுக்குள் 14-ம் நம்பர் நாற்காலி 5 கோடி விற்றது. காபிக் கடைக்காரரும் வாங்கினார், கலைஞரும் வாங்கினார். நம் நாட்டின் சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்பூசியே, 1925-ல் பாரிசில் தாம் அமைத்த மாதிரி வீட்டில் தோனெட் நாற்காலிகளையே போட்டிருந்தார். விலை உயர்ந்த சாமான்கள் எத்தனையோ இருந்தும், அவர் கண் இந்த எளிய நாற்காலியில்தான் விழுந்தது.

தோனெட் தந்த இன்னொரு நன்மையும் உண்டு. இந்த நாற்காலியைப் பழுது பார்ப்பது சுலபம். பழைய சாமான்களைப் புதுப்பிக்கும் பட்டறைக்காரர்களுக்கு இது பிடித்தமான பொருள்.

நாற்காலி ஆடுகிறதா? திருகாணியை முடுக்கினால் போதும். ஒரு கால் முறிந்துவிட்டதா? அந்தக் காலை மட்டும் மாற்றலாம். இரண்டு உடைந்த நாற்காலிகளில் உள்ள நல்ல துண்டுகளைச் சேர்த்து ஒரு நல்ல நாற்காலி ஆக்கலாம்.

பிரம்பு அறுந்துவிட்டதா? பழைய பிரம்பை வெட்டி எடுத்து, வட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளைச் சுத்தம் செய்வார்கள். புதுப் பிரம்புப் பட்டையைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, கடைசியில் இரு பக்கமும் சாய்வாகப் பின்னுவார்கள். ஈரம் காயக் காயப் பின்னல் தானாகவே இறுகிக்கொள்ளும். தாத்தா உட்கார்ந்த நாற்காலியில் பேரனும் உட்காரலாம்!

பழைய நாற்காலி ஒன்று கிடைத்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். உட்காரும் வட்டத்தின் உள்பக்கத்தில் கம்பெனியின் முத்திரையோ, ஒட்டிய காகிதச் சீட்டோ இருக்கும். அதை வைத்து நாற்காலியின் வயதைக் கணிப்பார்கள்.

கடனுக்காகத் தோனெட்டின் சொத்துக்களைக் கைப்பற்றிய அதே போப்பார்டு ஊரின் அருங்காட்சியகத்தில் இன்று அவருடைய நாற்காலிகள் பெருமையோடு வைக்கப்பட்டிருக்கின்றன. 14-ம் நம்பர் நாற்காலி இப்போது 214 என்ற எண்ணில் இன்னும் தயாராகிறது.

மரம் முறியாமல் வளைய வேண்டுமானால் அதற்குச் சூடும் வேண்டும். பக்கத்தில் தாங்கிப் பிடிக்கும் பட்டையும் வேண்டும். தோனெட்டின் வாழ்க்கையிலும் சூட்டுக்குக் குறைவில்லை. ஊர் போயிற்று, பட்டறை போயிற்று, ஆதரித்த அமைச்சரும் போனார். அவர் முறியவில்லை. தாங்கிப் பிடித்த பட்டை அவருடைய குடும்பம்.